டீமில் பெயர் வந்தாச்சு, இனி என்ன? புட்போல் பிள்ளைகளின் மலையகப் பெற்றோருக்கு

மூத்தவனுக்குப் 12 வயதில் பாடசாலை அணியில் பெயர் வந்தது. தோட்டத்து லயம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. அவன் தாத்தா கோயிலில் தேங்காய் உடைத்தார். கல்வி வலயப் போட்டியன்று விடியற்காலையில் வானில் ஏறி, பனியில் நடுங்கிக்கொண்டு மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பெயர் பதியும் மேசையில் இருந்தவர் பிறப்புச் சான்றிதழையும் பாடசாலைக் கடிதத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார். "ரெண்டுலயும் பேரு வேற வேறயா இருக்கே அம்மா" என்றார். சான்றிதழில் அவன் அப்பா பெயர் ஒரு விதம், பாடசாலையில் இன்னொரு விதம். அன்று முழுக்க அவன் ஜேர்சிக்கு மேலே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, மற்றப் பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்தான். அவன் காலில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் என் பைலில்தான்.

அது நடந்து மூன்று வருடமாகிறது. இப்போது இளையவளும் ஆடுகிறாள். இடையில் பட்டதையெல்லாம் கீழே ஒழுங்காக எழுதியிருக்கிறேன். ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா பக்கத்தை மனதில் வைத்து எழுதியது இது. பதுளை, பண்டாரவளைக்காரருக்கு மாகாணம் ஊவா, மழைக்காலமும் வேறு. மற்றதெல்லாம் அவர்களுக்கும் பொருந்தும்.

1. முதல் வாரமே கேட்டுவிட வேண்டியவை

அணியின் பொறுப்பாசிரியரைக் கண்டு நாலு விஷயம் கேளுங்கள். போனில் கேட்பதைவிட, பயிற்சி முடியும் நேரத்தில் மைதானத்துக்கே போய்க் கேட்பது நல்லது. அந்தச் சாக்கில் மைதானத்தையும் பார்த்துவிடலாம்.

பிள்ளை எந்த வயதுப் பிரிவு, அந்த வயது எந்தத் திகதியில் கணக்கிடப்படுகிறது? இதுதான் முதல் கேள்வி. நம்மில் பலர் வகுப்பை வைத்துக் கணக்குப் போடுகிறோம். "ஒன்பதாம் ஆண்டுதானே, 14 வயதுக்குக் கீழ்தான்" என்று நினைத்துக்கொள்கிறோம். வகுப்புக்கும் பிரிவுக்கும் சம்பந்தமில்லை. அந்த ஆண்டுச் சுற்றறிக்கையில் ஒரு திகதி இருக்கும், அந்தத் திகதியில் பிள்ளைக்கு என்ன வயது என்பதுதான் கணக்கு. ஜனவரியில் பிறந்த பிள்ளைக்கும் டிசம்பரில் பிறந்த பிள்ளைக்கும் இதில் ஒரு வருடமே வித்தியாசப்படலாம். சுற்றறிக்கையின் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பயிற்சி எத்தனை மணிக்கு முடியும், உங்கள் தோட்டத்துக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு? இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்களுக்குப் பத்து நிமிட வித்தியாசம். அந்தப் பத்து நிமிடத்துக்காக முதல் மாதம் ஆறு தடவை ஓட்டோவுக்குக் கொடுத்தேன். பிறகு சேரிடம் சொன்னதும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஐந்து பேரையும் கால் மணி நேரம் முன்னதாக விட்டார். கேட்டிருந்தால் முதல் நாளே விட்டிருப்பார்.

மூன்றாவது, வெளியூர்ப் போட்டிக்கு யார் கூட்டிப் போகிறார்கள்? பெண் பிள்ளை என்றால் பெண் ஆசிரியை ஒருவர் கட்டாயம் கூட வருகிறாரா என்று நேராகக் கேளுங்கள். கேட்டதற்காக யாரும் கோபிக்கவில்லை. ஆசிரியை வர முடியாத ஒரு நாளில் அம்மாமார் இரண்டு பேர் போனோம்.

நாலாவது, இது பாடசாலை அணியா, வெளிக் கழகமா? பாடசாலை என்றால் வழி தெளிவு: முதலில் வலயம், வென்றால் மாகாணம், அதற்கும் மேலே தேசிய மட்டம். கழகம் என்றால் பதிவுப் படிவத்தில் பிள்ளைக்காக நீங்கள் கையெழுத்து வைக்கிறீர்கள். பிள்ளை விலகி வேறு கழகத்துக்குப் போக நினைத்தால் என்ன நடைமுறை என்பதைக் கையெழுத்துக்கு முன்பு கேளுங்கள்.

2. பைல்

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உள்ளே இருக்க வேண்டியவை: பிறப்புச் சான்றிதழின் மூலப் பிரதி, அதிபர் உறுதிப்படுத்திய போட்டோ கொப்பி நான்கு, அண்மையில் எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படம் ஆறு, பெற்றோர் சம்மதக் கடிதம், பிள்ளையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தின் கொப்பி, இரண்டு போன் நம்பர் எழுதிய ஒரு தாள். 15 வயது தாண்டியிருந்தால் தேசிய அடையாள அட்டை. அதற்குப் பாடசாலை மூலமே விண்ணப்பிக்கலாம். சாதாரண தரப் பரீட்சைக்கு எப்படியும் வேண்டிய அட்டை, கடைசி வரை இழுக்காதீர்கள்.

படம் எடுக்கும்போது ஆறாக எடுங்கள். இரண்டு எடுத்தால் மறுபடி டவுனுக்கு ஒரு பயணம். படத்தின் பின்னால் பிள்ளையின் பெயரை எழுதிவிடுங்கள். பதினெட்டுப் பிள்ளைகளின் படம் ஒரே கவரில் கலந்து கிடந்ததை நான் கண்டிருக்கிறேன்.

இனி பெயர்ப் பிரச்சினை. தோட்டப் பக்கத்தில் இது வீட்டுக்கு வீடு இருக்கிறது. பதிவாளர் சிங்களத்தில் எழுதிய பெயரை ஒருவர் தமிழில் ஒரு மாதிரியும் இன்னொருவர் ஆங்கிலத்தில் வேறு மாதிரியும் எழுதியிருப்பார். லெட்சுமி, லக்ஷ்மி, லட்சுமி மூன்றும் நமக்கு ஒன்றுதான். மேசையில் இருப்பவருக்கு மூன்று ஆள். அப்பா பெயர் முன்னெழுத்தாக வருகிறதா, முழுதாக வருகிறதா என்பதிலும் இதே கதைதான். ஆகவே இன்று இரவே சான்றிதழை எடுத்து வைத்துக்கொண்டு, பிள்ளையின் பாடசாலை அறிக்கைப் புத்தகத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பிறந்த திகதியையும் சேர்த்துத்தான்.

வேறுபாடு இருந்தால் எதைத் திருத்துவது? சான்றிதழ் சரி, பாடசாலை இடாப்புத்தான் பிழை என்றால் வேலை சுலபம். சான்றிதழைக் காட்டி அதிபரிடம் எழுத்தில் கேளுங்கள். எங்கள் விஷயம் இதுதான், அதுவும் இரண்டு தடவை போனதில் முடிந்தது. சான்றிதழிலேயே பிழை என்றால் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். சத்தியக் கடதாசி, பழைய ஆவணங்கள் எல்லாம் கேட்பார்கள், மாதக்கணக்கில் போகும். அந்த ஆண்டுப் போட்டிக்குள் முடியும் என்று நம்பி உட்கார்ந்துவிடாமல், இடையில் அதிபரின் விளக்கக் கடிதம் ஒன்று ஏற்கப்படுமா என்று பொறுப்பாசிரியரை வலயக் கல்விப் பணிமனையில் கேட்கச் சொல்லுங்கள்.

சான்றிதழ் தொலைந்தவர்களுக்கு: பதிவு கணினியில் ஏறியிருந்தால் எந்தப் பிரதேச செயலகத்திலும் பிரதி எடுக்கலாம். இல்லாவிட்டால் பிறப்புப் பதிவான பிரிவுக்கே போக வேண்டும். அம்பகமுவ பிரதேச செயலகப் பிரிவிலிருந்து நோர்வூட் தனியாகப் பிரிந்த பிறகும் நம்மவர்கள் பலர் பழைய பழக்கத்தில் கினிகத்தேனையிலுள்ள அம்பகமுவ செயலகத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறார்கள். பஸ் ஏறுமுன் கிராம உத்தியோகத்தரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பழைய கொப்பி ஒன்று இருந்தால் அதிலுள்ள பதிவிலக்கத்தைக் குறித்துக்கொண்டு போங்கள், தேடும் வேலை பாதியாகும்.

பணச் செலவு பெரிதில்லை. போவது ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம். அது மிச்சமாக வேண்டுமென்றால் எல்லாப் பிள்ளைகளின் ஆவண வேலையையும் ஒரே நாளில் முடியுங்கள். கொழுந்து குறைந்த நாளாகப் பார்த்து, முன்கூட்டியே கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

மூலச் சான்றிதழை லெமினேட் செய்யாதீர்கள். ஓர் அலுவலகத்தில் அதைக் காரணம் காட்டி எங்களைத் திருப்பி அனுப்பினார்கள், புதுப் பிரதி எடுக்க வேண்டியதாயிற்று. மழைக்குப் பயந்தால் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள், நம்மூர் மழைக்கு இரண்டு உறை.

எப்போது செய்வது? ஜனவரியில். போட்டி அறிவிப்பு வந்த பிறகு கிடைக்கும் அவகாசம் எங்கள் அனுபவத்தில் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். அதற்குள் ஒரு போயா லீவு, ஒரு சனி ஞாயிறு வந்துவிடும்.

இன்னொன்று. "வயது கொஞ்சம் கூடிவிட்டது, தம்பியின் சான்றிதழில் ஆடட்டும்" என்று யாராவது சொல்வார்கள். சொல்பவர் நல்ல மனிதராகக்கூட இருப்பார். பிடிபட்டால் முழு அணியும் வெளியே. தம்பி நாளைக்கு ஆட வரும்போது அவன் பெயருக்கும் சிக்கல். மறுத்துவிடுங்கள்.

3. பூட்ஸும் மற்றச் சாமான்களும்

கடந்த வருடம் நான் செலவழித்ததைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்: பூட்ஸ் 4,800 ரூபா, சின் கார்ட் (முன்காலை அடியிலிருந்து காக்கும் தட்டு) 950, நீளக் காலுறை இரண்டு சோடி 900. ஜேர்சி பாடசாலை கொடுத்தது. கடைக்குக் கடை விலை மாறும், பேரம் பேசலாம். ஆனால் மூன்று நாலு நாள் பேர் ஒரு பூட்ஸுக்குப் போகிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று மாதம் பூட்ஸ் வாங்காதீர்கள். பிள்ளை நிலைத்து நிற்கிறதா என்று பாருங்கள். சாதாரண கன்வஸ் சப்பாத்துப் போதும். பிறகு வாங்கும்போது மைதானத்தைப் பார்த்து வாங்குங்கள். நம் பக்கத்துத் தோட்ட மைதானங்களில் பாதி கிறவல், மீதி சேறு. கிறவலில் அடியில் குட்டிக் குட்டிக் குமிழ் நிறைய உள்ள ரப்பர் பூட்ஸ்தான் தாங்கும். உயரமான குமிழ் சேற்றுப் புல்லுக்கு நல்லது, கிறவலில் குதிகாலை நோகடிக்கும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ரப்பர்.

மாலையில், நீளக் காலுறையோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். பெருவிரலுக்கு முன்னால் உங்கள் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். "வளருகிற பிள்ளை" என்று இரண்டு அளவு கூட எடுப்பது நம் பழக்கம். பாடசாலைச் சப்பாத்துக்கு அது சரிவரும். ஓடித் திரும்பும் காலுக்குச் சரிவராது, கொப்புளமும் சுளுக்கும்தான் மிச்சம்.

நனைந்த பூட்ஸை அடுப்படியில் காய வைக்காதீர்கள். ஜூன் மாதம், நாலு நாள் விடாத மழை, மறுநாள் மெட்ச். நான் அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டேன். காலையில் அடிப்பாகம் கரணம் போட்ட மாதிரி வளைந்து, பசை விட்டு, வாயைத் திறந்துகொண்டு இருந்தது. பழைய பத்திரிகைத் தாளைச் சுருட்டி உள்ளே திணியுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். விடிவதற்குள் பாதி காய்ந்துவிடும். பாதி போதும்.

சின் கார்ட் கட்டாயம். ஆட்ட விதியிலேயே இருக்கிறது. அது இல்லாத பிள்ளையை நடுவர் இறக்கமாட்டார். காலுறை அதை முழுதாக மூட வேண்டும்.

காப்புக் கயிறு, வெள்ளிக் காப்பு, தோடு, மூக்குத்தி எல்லாம் கழற்ற வேண்டும். மேலே பிளாஸ்டர் ஒட்டி மறைத்தாலும் விதி ஏற்காது. தேர்த் திருவிழாவில் கட்டிய கயிற்றை அறுக்கச் சொன்னதும் ஒரு பிள்ளை அழுததைப் பார்த்தேன். அவன் அம்மாவும் கூடவே அழுதார். இடுப்பில் கட்டுங்கள், அல்லது போட்டிக் காலம் முடிந்து கட்டுங்கள். பெண் பிள்ளைக்குக் காது மூக்கு குத்துவதையும் அப்படியே தள்ளிப்போடுங்கள், புதுத் துளையில் தோட்டைக் கழற்றினால் தூர்ந்துவிடும். ஹிஜாப் அணிந்து ஆடுவதற்கு 2014இலிருந்து விதியில் இடமுண்டு. கறுப்பாகவோ ஜேர்சியின் நிறத்திலோ, ஊசி குத்தாததாக இருக்க வேண்டும். நம் முஸ்லிம் சகோதரிகள் இதைத் தெரியாமல் பிள்ளைகளை நிறுத்திவிடுகிறார்கள்.

வீட்டில் தட்டி விளையாடப் பந்து வாங்குவதானால், 12 வயது வரை நாலாம் நம்பர், அதற்கு மேலே ஐந்தாம் நம்பர். சின்னப் பிள்ளைக்கு ஐந்தாம் நம்பரைக் கொடுத்தால் கணுக்கால்தான் பேசும்.

4. உடம்பு

ஏழாம் ஆண்டில் பாடசாலையில் போடும் ஏற்பு ஊசியைப் பிள்ளை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அன்று பிள்ளை லீவில் இருந்திருந்தால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டுப் போடலாம். கிறவலில் முழங்கால் உரசாத பிள்ளை இல்லை. இழுப்பு, வலிப்பு, இதய நோய் எது இருந்தாலும் மறைக்காமல் பொறுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். சொன்னால் டீமிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்ற பயம் எனக்கும் இருந்தது, மூத்தவனுக்கு இழுப்பு உண்டு. சொன்ன பிறகு நடந்தது இவ்வளவுதான்: அவன் பம்ப் சேரின் பையிலும் ஒன்று இருக்கிறது.

சுரக்ஷா மாணவர் காப்புறுதி இந்த ஆண்டு எப்படி நடைமுறையில் இருக்கிறது, விபத்துக்கு என்ன கிடைக்கும் என்று அதிபரிடம் கேட்டு வையுங்கள்.

5. பயணம்

மேற்குப் பக்க மலைகளில் மே தொடக்கம் செப்டம்பர் வரை மழை. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி. நம் பயணங்கள் எல்லாம் இந்த மாதங்களுக்குள்தான் வந்து மாட்டுகின்றன.

போட்டிக்கு முதல் நாள் மாலை மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிடுகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும், செம்மஞ்சள் என்றால் தயார் நிலை, சிவப்பு என்றால் ஆட்களை வெளியேற்றும் நிலை. நாம் இருக்கும் பிரிவை மட்டும் பார்த்தால் போதாது, வான் கடந்து போகும் பிரிவுகளையும் பாருங்கள். செம்மஞ்சள் வந்தால் நான் பிள்ளையை அனுப்புவதில்லை. ஒரு தடவை அப்படி நிறுத்தினேன். போட்டி நடந்தது, பத்திரமாகத் திரும்பி வந்தார்கள், மகன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மறுபடி அப்படி ஒரு நாள் வந்தாலும் நிறுத்தத்தான் செய்வேன்.

வான் பிடிக்கும்போது ஆளுக்கு எவ்வளவு என்று பேசுமுன் எத்தனை ஆள் என்று பேசுங்கள். 14 ஆசன வானில் 22 பிள்ளைகளை அடைத்தால் ஆளுக்கு 250 ரூபா மிச்சமாகும். அந்த மிச்சம் நமக்கு வேண்டாம். நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரியில் ஏழு உயிர் போனதை யாரும் மறந்திருக்க மாட்டோம். சாரதி முதல் நாள் இரவு ஓடினவரா என்று கேளுங்கள். இருட்டுமுன் திரும்பும்படி நேரம் பேசுங்கள். பரிசளிப்பு இழுபட்டால் ஒரு பெரியவர் நின்று கிண்ணத்தை வாங்கி வரட்டும், பிள்ளைகள் கிளம்பட்டும்.

ஆட்டத்துக்கு ஏழு பேராவது மைதானத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தொடங்க முடியாது. இரண்டு வானில் போகிறீர்கள் என்றால் முதல் வானிலேயே ஒரு கோலியும் ஆறு பேரும் இருக்கட்டும். இதை எப்படிக் கற்றுக்கொண்டோம் என்று கேட்காதீர்கள்.

6. மெட்ச் நாள் பை

மாற்று பனியன் இரண்டு, துவாய், ஸ்வெட்டர், தொப்பி, இரண்டு பெரிய பொலித்தீன் பை. வியர்வை பனியனோடு பனிக்காற்றில் நிற்பதுதான் நம் பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கும் வழி. விசில் ஊதியதும் பனியனை மாற்றுங்கள், வெற்றியைப் பிறகு கொண்டாடலாம். சவர்க்காரக் கட்டி ஒன்று, காலுறைக்கு வெளியே தேய்த்தால் அட்டை ஏறுவது குறையும். பெண் பிள்ளைகளின் பையில் நாப்கின், கறுப்புக் காற்சட்டை, உலோகம் இல்லாத முடிப்பட்டி. பல மைதானங்களில் கழிப்பறை பூட்டியிருக்கும். திறப்பு யாரிடம் என்பதைப் போன உடனே கண்டுபிடிப்பது அம்மாமாரின் முதல் வேலை.

சாப்பாடு: ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு ரொட்டியும் பருப்பும், அல்லது சோறு. கட்டைச் சம்பல் வேண்டாம், ஓடும்போது நெஞ்சு எரியும். இடைவேளைக்குத் தோடம்பழம் அல்லது வாழைப்பழம், கொதித்தாறின தண்ணீர். கண்டிக்கோ கொழும்புக்கோ இறங்கினால் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பக்கற் இரண்டு எடுத்துப் போங்கள். ஸ்வெட்டரோடு வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் புழுக்கம் பழக்கமில்லை, தாகம் தெரியுமுன்பே சோர்ந்துவிடும்.

7. கோட்டுக்கு வெளியே நிற்பது

முதல் வருடம் நான் ஓரத்தில் ஓடி ஓடிக் கத்தினேன். "அடிடா! அங்க இல்லடா, இங்க!" பாதி நேரம் நான் காட்டிய பக்கம் எதிரணியின் கோல். இடைவேளையில் மகன் வந்து, "அம்மா, சேரு ஒன்னு சொல்றாரு, நீங்க ஒன்னு சொல்றீங்க, நான் யாரு பேச்சைக் கேக்குறது?" என்றான். அதோடு நிறுத்தினேன்.

நிற்கும் இடம்: அணி உட்காரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், கோட்டிலிருந்து நாலு அடி தள்ளி. கோலுக்குப் பின்னால் நிற்காதீர்கள், நீங்கள் கோலியைக் குழப்புவீர்கள், பந்து உங்களைக் குழப்பும். நம் மைதானங்கள் மலையைச் செதுக்கி எடுத்தவை, ஒரு பக்கம் மேடு இருக்கும். மேட்டில் உட்கார்ந்தால் முழு ஆட்டமும் தெரியும், வாயும் தானாக அடங்கும்.

நாலு விதி தெரிந்தால் நடுவரைத் திட்ட வேண்டி வராது. ஓப்சைட் என்பது பந்து உதைபடும் நொடியில் பார்ப்பது, பிள்ளை பந்தை வாங்கும் நொடியில் அல்ல. எதிரணியின் பாதியில், பந்துக்கும் கடைசிக்கு முந்தின எதிராளிக்கும் முன்னால் நின்று ஆட்டத்தில் தலையிட்டால் ஓப்சைட். எறி பந்து, கோல் கிக், கோர்னர் மூன்றிலும் நேராக வரும் பந்துக்கு அது கிடையாது. எறியும்போது இரண்டு காலும் தரையில், பந்து தலைக்குப் பின்னாலிருந்து தலைக்கு மேலாக வர வேண்டும். தன் ஆள் வேண்டுமென்றே காலால் தட்டிக் கொடுத்த பந்தைக் கோலி கையால் எடுக்கக்கூடாது. கையில் பட்டதெல்லாம் குற்றமில்லை, உடம்போடு ஒட்டிய கையில் பந்து தானாக வந்து பட்டால் பெரும்பாலும் ஆட்டம் தொடரும்.

நடுவர் பெரும்பாலும் பக்கத்துப் பாடசாலை ஆசிரியர். நாளைக்கு உங்கள் பிள்ளையின் விடைத்தாளைத் திருத்துபவராகவும் இருக்கலாம். 2019இலிருந்து அணியோடு இருக்கும் கோச்சுக்கும் மஞ்சள், சிவப்பு அட்டை காட்டலாம். நாம் மூட்டிவிடும் சத்தத்தில் கோச் வாயைத் திறந்தால் அடிபடுவது அணி. எதிரணிப் பிள்ளையை அதன் ஊரை, சாதியை, தோட்டத்தைச் சொல்லிக் கூவும் ஆட்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அவர்களை அதட்டுவது நடுவரின் வேலை இல்லை, நம் வேலை.

போனில் எடுப்பதானால் உங்கள் பிள்ளையை எடுங்கள். மற்றப் பெண் பிள்ளைகள் ஓடுவதை எடுத்து பேஸ்புக்கில் போட்டதால் ஒரு பிள்ளையை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். நல்லாக ஆடிய பிள்ளை.

பிள்ளை பெஞ்சில் இருந்தால்? அன்றே கோச்சிடம் கேட்காதீர்கள். இரண்டு நாள் கழித்து, பிள்ளை இல்லாத நேரத்தில், "எதில் முன்னேற வேண்டும் சேர்?" என்று கேளுங்கள். "ஏன் போடவில்லை?" என்று கேட்டுப் பதில் கிடைத்த ஒருவரையும் எனக்குத் தெரியாது.

திரும்பும் வானில் ஆட்டத்தைப் பற்றிப் பேச்சைத் தொடங்குவது பிள்ளையாக இருக்கட்டும். என் கணவர் தேயிலை ஸ்டோரில் வேலை முடிந்து வந்ததும் "எத்தனை கோல்?" என்றுதான் கேட்பார். இப்போது "சாப்பிட்டியா?" என்று கேட்கப் பழக்கியிருக்கிறேன். அதற்குப் பிறகு அவனே எல்லாவற்றையும் கொட்டுகிறான், நாம் தூங்கப் போகவும் விடமாட்டான்.

8. இடியும் அடியும்

இடி கேட்டால் மைதானத்தை விட்டு வெளியேறுங்கள். சபுக்கு மரத்தடியில் ஒதுங்காதீர்கள். திறந்த தகரக் கொட்டிலும் வேண்டாம், கட்டடத்துக்குள் அல்லது வானுக்குள் ஏற்றுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப இறங்கலாம். ஏற்பாட்டாளர்கள் அவசரப்படுத்துவார்கள். உங்கள் பிள்ளையை நீங்கள் நிறுத்திக்கொள்ளலாம், அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

தலையில் அடிபட்டுப் பிள்ளை தடுமாறினாலோ, வாந்தி எடுத்தாலோ, கேட்டதையே திரும்பக் கேட்டாலோ அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். மலைப்பாதையில் வந்து சேர நேரம் எடுக்கலாம், அதனால் மைதானத்தின் பெயரோடு பக்கத்துச் சந்தியின் பெயரையும் சொல்லுங்கள், ஓர் ஆளைச் சந்தியில் நிறுத்துங்கள்.

கால் வீங்கினால் எண்ணெய் போட்டு நீவ வேண்டாம். நம் ஊரில் நீவத் தெரிந்த ஒரு மாமா எல்லா மைதானத்திலும் இருப்பார், மரியாதையாக மறுத்துவிடுங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வையுங்கள், காலை உயர்த்தி வையுங்கள். ஊன்ற முடியவில்லை என்றால் எக்ஸ்ரே. ஆஸ்பத்திரித் துண்டு, பார்மசி பில் எல்லாவற்றையும் பைலில் போடுங்கள், காப்புறுதிக்குப் போட்டோ கொப்பி செல்லாமல் போகலாம். 11, 12 வயதில் முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிப்பது வளரும் வயதில் வரும் ஒன்று. டொக்டரிடம் காட்டுங்கள், ஓய்வில் பெரும்பாலும் குறையும். வலியோடு ஓடவிடாதீர்கள்.

9. காசு கேட்டு வருகிறவர்கள்

பிள்ளை இரண்டு கோல் போட்டால் போதும், ஆட்கள் வருவார்கள். கொழும்பில் பெரிய பாடசாலையில் இடம் எடுத்துத் தருகிறோம், வெளிநாட்டுத் தெரிவுக்குப் பதிகிறோம் என்பார்கள். ஒருவர் எங்களிடம் 15,000 ரூபா முற்பணம் கேட்டார், பற்றுச்சீட்டு கேட்டதும் ஆளைக் காணவில்லை. தேசிய அணித் தெரிவுக்குப் பெற்றோர் யாருக்கும் காசு கட்ட வேண்டியதில்லை. பாடசாலைக்கு இடம் உண்மையாகவே வந்தால் அது அதிபரின் கடிதமாக வரும். அப்போதும் விடுதிச் செலவு யாருடையது, காலில் அடிபட்டு ஆட முடியாமல் போனால் படிப்பு தொடருமா என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள்.

10. பருவம் முடிந்ததும்

ஜேர்சியைத் துவைத்து, நம்பரைக் குறித்துத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். பாடசாலை வாங்கி வைத்திருக்கும் மூலச் சான்றிதழைத் திருப்பி எடுங்கள், அடுத்த ஆண்டு ஆசிரியர் மாறிப் போனால் அலுமாரித் திறப்பும் சேர்ந்து போய்விடும். பூட்ஸைக் கழுவி நிழலில் உலர்த்தி அடுத்த பிள்ளைக்கு வையுங்கள். இளையவள் இப்போது அண்ணனின் பழைய பூட்ஸைத்தான் போடுகிறாள், முன்பக்கத்தில் ஒரு காலுறையைத் திணித்துக்கொண்டு. மூன்றாவது பகுதியில் நான் சொன்னதற்கு அது நேர் எதிர் என்று எனக்கும் தெரியும். வருகிற பத்தாம் திகதிச் சம்பளத்தில் அவளுக்கு அளவாக ஒன்று வாங்க வேண்டும்.